கோரிக்கைகள் வாசிப்பதில்லை

இணைய இதழ் நடத்தும் யாரிடமாவது "இதழ் எப்படிப் போகுது?" என்று கேட்டுப்பாருங்கள். "போன மாசம் ஒரு நல்ல கதை வந்துச்சு" என்று பதில் வருவது அபூர்வம். "மாசம் இத்தனை லட்சம் ஹிட்ஸ் சார்" என்பதுதான் வரும். சொல்லும்போது முகத்தில் ஒரு பூரிப்பு வேறு. இலக்கியத்தை எண்ணால் அளக்கக் கூடாது என்று மேடையில் முழங்குகிற அதே ஆட்கள்தான். வணிகப் பத்திரிகைகளின் விற்பனைக் கணக்கைக் கிண்டலடித்தே வளர்ந்த மரபின் வாரிசுகள், இன்று ஒரு சர்வர் கக்கிய எண்ணை நெற்றியில் ஒட்டிக்கொண்டு அலைகிறார்கள்.

எனக்குச் சோறு போடுவது சர்வர் பராமரிப்பு. லாக் கோப்புகளை எண்ணுவது என் அன்றாட வேலை. எந்த மணிக்கு எந்தச் சேவைக்கு எத்தனை கோரிக்கை வந்தது என்ற பட்டியலை வாரத்துக்கு நான்கைந்து முறையாவது எடுக்கிறேன். அந்தப் பட்டியல் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையால்தான் சொல்கிறேன்: அதை வைத்து இலக்கியத்துக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

இதைச் சும்மா தத்துவமாகச் சொல்லவில்லை. நண்பர்கள் நடத்தும் ஓர் இதழின் சர்வரையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே இப்போது மொழிபெயர்ப்புக் கவிதைப் பகுதியை நிறுத்திவிடலாமா என்று பேச்சு நடக்கிறது. காரணம், பட்டியலில் அந்தப் பகுதி கடைசியில் இருக்கிறது. அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்று பேச்சில் யாரும் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.

1. ஒரு வரியின் கதை

உங்கள் போனிலிருந்து ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். சர்வர் அதற்கு ஒரு வரி எழுதி வைக்கிறது. எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தது, எந்த நேரம், எதைக் கேட்டது, என்ன பதில் கொடுத்தோம், எத்தனை பைட் அனுப்பினோம். 1990களின் தொடக்கத்தில் என்சிஎஸ்ஏ உருவாக்கிய சர்வர் மென்பொருளிலிருந்து வந்த வடிவம் இது. இன்னும் பெரிதாக மாறவில்லை. பிற்பாடு இரண்டு புலங்கள் சேர்ந்தன. எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்பது ஒன்று, எந்த பிரவுசர் என்பது இன்னொன்று. அந்த முதலாவதன் ஆங்கிலப் பெயரான 'ரெஃபரர்' என்ற சொல்லே எழுத்துப்பிழையோடுதான் எச்டிடிபி தர நிர்ணயத்தில் ஏறியது. 1996 ஆவணத்தில் அச்சான பிழை இன்றுவரை திருத்தப்படவில்லை. உலகத்தின் எல்லா சர்வர்களும் அந்தத் தப்பைத்தான் எழுதுகின்றன. துல்லியம் துல்லியம் என்று இந்த எண்களைத் தலையில் வைத்து ஆடுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

இப்போது எண்ணுவது. இதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. 1977இல் பெல் ஆய்வகத்தில் ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் எழுதிய 'ஆக்' என்ற கருவியே போதும். ஒவ்வொரு வரியிலும் நேரப் புலத்தின் முதல் 14 எழுத்துகளை வெட்டி எடுத்தால் தேதியும் மணியும் கிடைக்கும். பக்கத்தில் சேவையின் பெயரை ஒட்டு. முகப்பா, படங்களா, தேடலா, ஓடையா, கவிதைப் பகுதியா. பிறகு எல்லாவற்றையும் வரிசைப்படுத்து. ஒரேமாதிரியான வரிகளை 'யூனிக்' என்ற கட்டளையால் எண்ணு. வரிசைப்படுத்தாமல் எண்ணினால் கணக்கு நாறிவிடும். ஏனென்றால் அந்தக் கட்டளை அடுத்தடுத்து இருக்கும் ஒரேமாதிரி வரிகளை மட்டும்தான் சேர்க்கும். ஒரே வரியில் முடிகிற வேலை. அழகான வேலையும்கூட.

ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. எந்த மணியில் ஒரு கோரிக்கையும் வரவில்லையோ, அந்த மணி பட்டியலிலேயே இருக்காது. பூஜ்யம் என்று போடாது. அந்த மணியே காணாமல் போய்விடும். இருக்கிற வரிகளைக் கூட்டி வரிகளின் எண்ணிக்கையால் வகுத்து "மணிக்குச் சராசரி இவ்வளவு" என்று சொன்னால் அது பொய். 24ஆல் வகுக்க வேண்டியதைப் பதினெட்டாலோ பத்தொன்பதாலோ வகுத்திருப்பீர்கள். இந்தக் கருவிக்கு இல்லாததை எண்ணத் தெரியாது. இதை மனசில் வையுங்கள், இந்தக் கட்டுரை முழுக்க இதைப் பற்றியதுதான்.

2. கவிதை ஏன் கடைசியில் இருக்கிறது

கோரிக்கை என்பது ஒரு பக்கம்கூட இல்லை. ஒரு பக்கத்தைக் காட்ட பிரவுசர் பல கோரிக்கைகளை அனுப்பும். எழுத்துருவுக்கு ஒன்று, அலங்காரக் கோப்புக்கு ஒன்று, ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று. ஒரு கணக்குக்காக, திரைவிழா பற்றிய கட்டுரையில் 40 புகைப்படம் இருக்கிறது என்று வையுங்கள். ஒருவர் ஒருமுறை திறந்து கீழே வரை தள்ளிவிட்டுப் போனால் ஐம்பது கோரிக்கை விழும். மொழிபெயர்ப்புக் கவிதைப் பகுதியில் படமே கிடையாது. வெறும் எழுத்து. ஒருவர் திறந்தால் மூன்றோ நான்கோ விழும். கவிதையை அவர் முக்கால் மணி நேரம் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தாலும் அதே மூன்று, நான்குதான். கவிதை கடைசியில் இருக்கக் காரணம் வாசகர் இல்லாதது என்று முடிவுகட்டுகிறீர்களே, அது சிக்கனமாக இருப்பதால் கடைசிக்குப் போயிருக்கலாம் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

பிடிஎஃப் இன்னும் மோசம். பெரிய கோப்பை பிரவுசர் துண்டு துண்டாகக் கேட்கும். சர்வரும் 206 என்ற குறியோடு துண்டு துண்டாகக் கொடுக்கும். ஒரே ஆள், ஒரே கோப்பு, பத்து இருபது வரி. மறுபக்கம், ஒருமுறை வந்த ஆளின் பிரவுசர் பக்கத்தைத் தன்னிடமே சேமித்து வைத்திருந்தால் அவர் மறுபடி படிக்கும்போது சர்வருக்குத் தகவலே வராது. நடுவில் ஒரு விநியோக வலையமைப்பு நின்றால் அது தன் கையிருப்பிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். நம் லாகில் ஒரு வரியும் விழாது.

வாட்ஸ்அப்பை எடுங்கள். ஒருவர் ஒரு குழுவில் இணைப்பை ஒட்டுகிறார். ஒட்டும்போதே, முன்னோட்டப் படம் காட்டுவதற்காக அவர் போனே பக்கத்தை ஒருமுறை கேட்டுவிடுகிறது. ஒருத்தர்கூடப் படிக்கவில்லை, அதற்குள் கணக்கில் ஒன்று. பிறகு யாரோ கட்டுரை முழுவதையும் நகலெடுத்து அதே குழுவில் போடுகிறார். ஐம்பது பேர் அங்கேயே படிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், இரண்டு பேர் குழுவை விட்டே வெளியேறுகிறார்கள். சர்வருக்கு இதில் எதுவும் தெரியாது.

ஃபீட்லி மாதிரியான ஓடைச் சேவைகள் ஆயிரம் சந்தாதாரர்களுக்காக ஒரே ஒரு கோரிக்கை அனுப்பும். நேர் எதிராக, யாரோ ஒருவர் தன் கணினியில் நிறுவி மறந்துபோன ஓடைவாசிப்பான் மணிக்கு நான்கு முறை வந்து "புதுசா ஏதாவது உண்டா?" என்று கேட்டுவிட்டு 304 வாங்கிக்கொண்டு போகும். ஆள் தூங்குகிறார். நிரல் விழித்திருக்கிறது.

3. நள்ளிரவு வாசகர்கள்

"ராத்திரி மூணு மணிக்குக்கூட நம்ம இதழைப் படிக்கிறாங்க தெரியுமா?" என்று பெருமைப்படுகிறவர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி. அவர்கள் ஆட்கள் இல்லை. பாட்கள். தேடுபொறிக்காக அட்டவணை போடுகிறவை, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்காக எழுத்தை அள்ளுகிறவை, ஓட்டை இருக்கிறதா என்று வேர்ட்பிரஸின் நுழைவுப் பக்கத்தைத் தட்டிப்பார்க்கிறவை. 2025 ஏப்ரலில் விக்கிமீடியா அறக்கட்டளை ஒரு கணக்கு வெளியிட்டது. அவர்களுக்கு அதிகச் செலவு வைக்கும் போக்குவரத்தில் 65 சதவீதம் பாட்களால் வருகிறது. பக்கப் பார்வைகளில் பாட்களின் பங்கோ 35 சதவீதம்தான். காரணம் எளிது. மனிதர்கள் பிரபலமான பக்கங்களையே திரும்பத் திரும்பப் பார்க்கிறோம், அவை கையிருப்பிலேயே கிடைத்துவிடும். பாட் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் கேட்கும். ஆக, யாருமே தொடாத உங்கள் பழைய இதழ்களை ஒரு வரி விடாமல் எடுத்துக்கொள்கிற ஒரே 'வாசகர்' ஏதோ ஒரு நிறுவனத்தின் இயந்திரம். அதையும் சேர்த்துத்தான் "லட்சம்".

பாட்களை நீக்கிவிட்டு எண்ணலாமே என்பீர்கள். தன் பெயரை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வருகிறதை நீக்கலாம். சாதாரண பிரவுசர் மாதிரி வேஷம் கட்டி வருவதை எதை வைத்துப் பிடிப்பது? ஐபி முகவரியை வைத்தா? நம் ஊர் மொபைல் நிறுவனங்கள் ஒரே முகவரியின் பின்னால் பெருங்கூட்டத்தை நிறுத்துகின்றன. இதற்காகவே 2012இல் ஒரு முகவரித் தொகுப்பைத் தனியாக ஒதுக்கினார்கள். ஒரே முகவரியிலிருந்து ஒரு மணி நேரத்தில் நூறு கோரிக்கை வந்தால் அது ஒரு பாட்டாகவும் இருக்கலாம், ஒரு கல்லூரி விடுதியாகவும் இருக்கலாம்.

சரி, அந்த "மணி" யாருடைய மணி? பெரும்பாலான சர்வர்கள் யூடிசி நேரத்தில் எழுதும். இந்திய நேரமும் இலங்கை நேரமும் அதிலிருந்து ஐந்தரை மணி தள்ளி. முழு மணியாகத் தள்ளியிருந்தால் தொல்லையில்லை, கூட்டிக்கொள்ளலாம். இந்த அரை மணிதான் கழுத்தறுக்கும். யூடிசி 16 மணிப் பெட்டியில் விழுவது சென்னையின் இரவு 9:30 முதல் 10:29 வரை. 9 மணிக் கணக்கும் அது இல்லை, 10 மணிக் கணக்கும் இல்லை. அதே பெட்டியில் சிங்கப்பூரின் நள்ளிரவும் இருக்கிறது, லண்டனின் சாயங்காலமும் இருக்கிறது, டொரொன்டோவின் மதியத்துக்கு முந்தைய இடைவேளையும் இருக்கிறது. தமிழ் இதழுக்கு இந்த நான்கு ஊர்களிலும் வாசகர் உண்டு. சாப்பிட்டுவிட்டுப் படுக்கையில் படிக்கிற ஒருவரையும் வேலைக்கு நடுவே மேலாளருக்குத் தெரியாமல் படிக்கிற ஒருவரையும் ஒரே கட்டத்தில் கொட்டி அதற்கு "உச்ச நேரம்" என்று பெயர் வைக்கிறோம். அதைப் பார்த்துக் கட்டுரை வெளியிடும் நேரத்தை மாற்றுகிறோம்!

இன்னும் ஒன்று. அப்பாச்சி சர்வர் கோரிக்கை வந்த நேரத்தை எழுதும். எஞ்சின்எக்ஸ் வேலை முடிந்து லாக் எழுதும் நேரத்தைப் போடும். 9:58க்கு ஆரம்பித்து 10:03க்கு முடிந்த ஒரு பதிவிறக்கம் முதலாவதில் 9 மணிக் கணக்கு, இரண்டாவதில் 10 மணிக் கணக்கு. சர்வரை மாற்றினால் வாசகர்களின் பழக்கமே மாறியதுபோல வரைபடம் தெரியும். யாரும் எதையும் மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

4. "எண் இல்லாட்டி ஆசிரியர் திமிர்தான் மிஞ்சும்"

இந்த எதிர்வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இளம் நண்பர்கள் பலர் சொல்வது இது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. "எது நல்ல எழுத்து என்று ஒரு ஐந்து பேர் உட்கார்ந்து முடிவு பண்ணிட்டிருந்தாங்க. அந்த ஐந்து பேரும் ஒரே ஊர், ஒரே வட்டம், சில நேரம் ஒரே சாதி. எண் வந்த பிறகுதான் அறிமுகமே இல்லாத ஒரு பொண்ணு எழுதினதை இத்தனை பேர் படிக்கிறாங்கன்னு அவங்களால மறுக்க முடியாமப் போச்சு." இதை மறுக்க மாட்டேன். சிறுபத்திரிகை மரபில் எல்லாமே புனிதம் என்று பேச எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் எண் வந்து அந்த ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்பியதா? இல்லை. அவர்கள் கையில் புதிதாக ஒரு தடியைக் கொடுத்தது, அவ்வளவுதான். முன்பு "எனக்குப் பிடிக்கல" என்று சொல்லிக் கவிதைப் பகுதியை மூடினால் சண்டை போடலாம். உங்கள் ரசனை கோணல் என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். இப்போது "நான் என்ன பண்றது, ஹிட்ஸ் இல்லையே" என்று கையை விரிக்கிறார். அந்த முடிவுக்கு ஆளே இல்லை. சர்வர் முடிவெடுத்துவிட்டது. திமிர் அப்படியே இருக்கிறது. பொறுப்பு மட்டும் காணோம்.

பிரபலம் தன்னைத்தானே எப்படிப் பெருக்கிக்கொள்கிறது என்பதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் 2006இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது. 48 பாடல்கள், 14,000க்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்கள். ஒரு கூட்டத்துக்குப் பதிவிறக்க எண்ணிக்கையைக் காட்டவில்லை. மற்றவர்களைத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தின் எண்ணிக்கையைக் காட்டினார்கள். எண் தெரிந்த இடங்களில் வெற்றி பெற்ற பாட்டுக்கும் தோற்ற பாட்டுக்குமான இடைவெளி பெரிதானது. அதோடு, எந்தப் பாட்டு ஜெயிக்கும் என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. மிக மோசமானவை அரிதாகத்தான் ஜெயித்தன, மிக நல்லவை அரிதாகத்தான் தோற்றன. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம். நம் இதழ்களின் பக்கவாட்டில் 'அதிகம் வாசிக்கப்பட்டவை' என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அது செய்வது இதைத்தான். முதல் நாளில் தற்செயலாக முன்னால் போனது மேலும் முன்னால் போகும். அறிமுகமில்லாத அந்தப் பெண்ணின் கதை அந்தப் பெட்டிக்குள் நுழைய வாய்ப்பு அதிகமா, ஏற்கெனவே பெரிய நட்பு வட்டம் உள்ளவரின் கதைக்கா? நீங்களே சொல்லுங்கள்.

சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959 முதல் 1970 வரை வந்தது. சந்தாக்காரர்கள் சொற்பம். புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அவரே போய் விற்றார். அந்தச் சொற்பத்துக்குள்ளிருந்துதான் 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வந்தது, தமிழ்ப் புதுக்கவிதை காலூன்றியது. ஒரு சர்வர் பட்டியல் அன்றைக்கு இருந்திருந்தால் முதலில் கவிதையைத்தான் நிறுத்தச் சொல்லியிருக்கும். குறைந்த எண்ணிக்கை தரத்துக்குச் சான்று என்ற பழைய வீம்பையும் நான் ஏற்க மாட்டேன். நூறு பேர் படிக்கிற குப்பையும் உண்டு. எண்ணிக்கை இரண்டு பக்கமும் சாட்சி சொல்லாது என்பதே என் கட்சி.

5. பெயர் இல்லாத நாட்குறிப்பு

இதுவரை சொன்னது முட்டாள்தனம். இனி சொல்வது ஆபத்து.

லாக் வரி என்பது யார், எப்போது, எதைப் படித்தார் என்ற குறிப்பு. லட்சம் வரிகளைக் கூட்டி ஓர் எண் ஆக்கினால் அது கணக்கு. ஒரு முகவரியை மட்டும் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் அது ஒருவரின் வாசிப்பு நாட்குறிப்பு. சாதி மாறிய காதல் பற்றிய கதையை, தன்பாலீர்ப்பு பற்றிய கட்டுரையை, தற்கொலை பற்றிய கவிதையை இரவு இரண்டு மணிக்கு யாரோ ஒருவர் மூன்று நாளாகத் திரும்பத் திரும்பத் திறக்கிறார். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. சர்வரிடம் சொல்லிவிட்டார், தனக்கே தெரியாமல்.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். 2006 ஆகஸ்டில் ஏஓஎல் நிறுவனம் சுமார் 6,50,000 பேரின் தேடல் பதிவுகளைப் பெயருக்குப் பதில் எண் போட்டு ஆய்வுக்காக வெளியிட்டது. சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் அதில் ஒரு எண்ணுக்குரிய பெண்மணியை வீடு தேடிப் போய்க் கண்டுபிடித்துவிட்டார்கள். மாறிக்கொண்டே இருக்கும் ஐபி முகவரிகூடத் தனிநபர் தகவலாக இருக்க முடியும் என்று 2016 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் பிரையர் வழக்கில் சொன்னது. அது சாதாரண வலைத்தள லாக் பற்றிய வழக்குதான். அமெரிக்காவில் 2001க்குப் பிறகு, யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்ற பதிவேட்டை அரசு கேட்க வழிசெய்த சட்டப் பிரிவை நூலகர்கள் எதிர்த்தார்கள். ஒரு நூலகருக்கு இருந்த அந்தக் கூச்சம் இதழாசிரியர்களுக்கு வேண்டாமா? வரைபடத்தை முகநூலில் போட்டு "நேத்து ராத்திரி துபாயிலிருந்து ஒருத்தர் நம்ம பழைய இதழ் முழுக்கப் படிச்சிருக்கார்" என்று எழுதுகிறீர்களே, அந்த ஒருத்தர் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்?

6. என்ன செய்யலாம்

எண்ணுங்கள். மணிவாரியாக, சேவைவாரியாக எண்ணுங்கள். இயந்திரத்துக்காக எண்ணுங்கள். தேடல் சேவைக்கு ஒரு மணி நேரத்தில் வழக்கத்தைவிட இருபது மடங்கு கோரிக்கை வந்தால் யாரோ சுரண்டுகிறார்கள், கதவைச் சாத்து. 500 என்ற குறி கூடினால் நிரல் உடைந்திருக்கிறது, சரி செய். 404 கூடினால் பழைய இணைப்பு செத்திருக்கிறது, வருகிறவர் ஏமாந்து திரும்புகிறார், வழி போட்டுக் கொடு. இதெல்லாம் வாசகருக்குச் செய்யும் உண்மையான சேவை. லாக் பிறந்ததே இதற்காகத்தான்.

லாகைச் சட்டம் கேட்கும் காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் போட்ட உத்தரவு 180 நாள் என்கிறது. அதைத் தாண்டி அழித்துவிடுங்கள். கூட்டி எடுக்கும் பட்டியலில் ஐபி முகவரி வேண்டாம். ஆசிரியர் குழுவுக்கு மூல வரிகளைக் காட்டவே வேண்டாம். 'அதிகம் வாசிக்கப்பட்டவை' பெட்டியைத் தூக்குங்கள். அந்த இடத்தில் ஆசிரியர் ஒருவர் தன் பெயர் போட்டு "இந்த மாசம் இதைப் படியுங்கள், ஏன்னா..." என்று நான்கு வரி எழுதட்டும். பிடிக்காவிட்டால் அவரோடு சண்டை போட நமக்கு ஓர் ஆள் இருப்பார்.

மொழிபெயர்ப்புக் கவிதையை நிறுத்த வேண்டுமென்றால் தாராளமாக நிறுத்துங்கள். மொழிபெயர்ப்பு மட்டமாக இருக்கிறது என்று சொல்லி நிறுத்துங்கள். வரிக்கு வரி எடுத்து விவாதித்து நிறுத்துங்கள். மூன்று கோரிக்கைதான் விழுகிறது என்று சொல்லாதீர்கள்.

இளம் வாசகர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வருகையை சர்வர் ஏற்கெனவே எழுதிக்கொண்டுவிட்டது. அதனால் எழுதியவருக்கு எந்தப் பயனும் இல்லை. ஒரு கவிதை உங்களைத் தூங்கவிடவில்லை என்றால் மொழிபெயர்த்தவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று திட்டியாவது எழுதுங்கள். எண்ணத் தெரிந்த எந்தக் கருவியாலும் அந்த இரண்டு வரியை உங்களுக்குப் பதிலாக எழுத முடியாது.